துவைத்த மாஸ்க்

பட்டறையில் அவருக்கு டாக்டர் என்று பெயர். படித்து வாங்கிய பட்டம் இல்லை; மாஸ்க்கைக் கழற்றாததால் கிடைத்தது.

சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறை அது. செயற்கைக் கல் பலகை பலகையாக வந்து இறங்கும். அளவு பார்த்து அறுத்து, விளிம்பைத் தேய்த்து, அடுப்புக்கும் பாத்திரத் தொட்டிக்கும் துளை போட்டு அனுப்புவார்கள். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தரை சேறாகிறது, வேலை இழுக்கிறது என்று குழாயை மூடி வைத்திருந்தார்கள். மெஷின் ஓடத் தொடங்கினால் எதிரே நிற்பவன் யாரென்று தெரியாத அளவுக்கு வெள்ளை மாவு எழும்பும். அந்த மாவுக்குள் நின்றுகொண்டு மற்றவர்கள் சிகரெட் பிடிக்கவும், கிண்டல் பேசவும், இரைச்சலை மீறிக் கத்தவும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொள்வார்கள். அவர் இறக்கமாட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து சொல்லுவார். “இன்னிக்கு யாருக்கு ஆபரேஷன் டாக்டர்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அவர் புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்.

எப்போதோ ஒருமுறை பாதுகாப்புப் பயிற்சி என்று ஒருவர் வந்திருந்தார். கன்னத்தில் முடி இருந்தால் மாஸ்க் தோலோடு ஒட்டாது, ஓரத்தில் காற்று நுழைந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ரேசரை எடுத்தவர் இவர் ஒருவர்தான். அன்று முதல் காய்ச்சலாக இருந்தாலும் காலையில் முகம் மழிக்காமல் வேலைக்குப் போனதில்லை. மாஸ்க்கைப் போட்டதும் மூக்கின் மேல் இருக்கும் தகட்டை இரண்டு விரலால் அழுத்தி, உள்ளங்கைகளை மேலே பொத்திப் பலமாக ஊதிப் பார்ப்பார். ஓரத்தில் காற்று கசிந்தால் கழற்றி மறுபடி போடுவார். கண்ணாடி முன்னால் அவர் இதைச் செய்வதைப் பார்க்கும்போது அவருடைய மனைவிக்குச் சிரிப்பாகவும் இருக்கும், நிம்மதியாகவும் இருக்கும்.

அந்த நிம்மதியில் அவளுக்கும் பங்கு உண்டு. மாஸ்க்கைத் துவைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

பட்டறையில் மாதத்துக்கு ஒரு மாஸ்க் கொடுப்பார்கள். நாலு நாளில் அது சாம்பல் நிறமாகிவிடும். ஒரு வாரத்தில் மூச்சு இழுக்கவே பாடுபட வேண்டும். அவள் ஒரு பெரிய விடுதியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். எண்ணெய்க்கறை, ரத்தக்கறை, மைக்கறை என்று எது வந்தாலும் அதற்கு ஒரு வழி வைத்திருப்பவள். தட்டையாக மடித்த, கை அகலத் துணி ஒன்று அவளுக்கு என்ன பெரிய காரியம்? வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைப்பாள். கசக்கமாட்டாள், பிழியமாட்டாள். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்துவாள். தொய்ந்துபோன எலாஸ்டிக்கைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைப்பாள். மூக்குத் தகட்டை ஸ்பூனின் பின்பக்கத்தால் நீவிவிடுவாள். திங்கட்கிழமை காலையில் அது புதிதைவிட வெளுப்பாக இருக்கும்.

முதலில் அவருடையது மட்டும். பிறகு அதே பட்டறையில் பாலிஷ் பிரிவில் சேர்ந்த அவளுடைய தம்பியினுடையது. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். சனிக்கிழமை மாலை ஒரு பை நிறைய வரும். கூலி வாங்கமாட்டாள், யாராவது ஒரு சோப்புத்தூள் பொட்டலத்தைப் பையோடு அனுப்புவார்கள். புது மாஸ்க்கில் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கிறது, டாக்டர் சம்சாரம் துவைத்ததில்தான் மூச்சு சுகமாக வருகிறது என்று சொல்லியனுப்புவார்கள். அவள் அதைக் காதில் வாங்காதது போல இருப்பாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை ஊறவைக்கும்போது கை இன்னும் பதமாகப் போகும்.

ஊறிய தண்ணீர் பால் மாதிரி இருக்கும். அதை அசையாமல் வைத்துவிட்டுக் காலையில் வடித்தால் வாளியின் அடியில் விரல் தடிமனுக்கு மாவு படிந்திருக்கும். கொஞ்சம் விட்டுவிட்டால் கல்லாக இறுகிப்போகும் என்பதால் கரண்டியால் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுவாள். ஒருமுறை அவரைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள். இவ்வளவும் உங்கள் நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டியது என்றாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “உன் புண்ணியத்துல நான் நூறு வயசு இருந்து உன்னைப் படுத்தப்போறேன்” என்றார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் முதலில் வந்தது.

மாடிப்படியில் பாதியில் நின்றார். அப்புறம் சட்டை மாட்டும்போதே நின்றார். வறட்டு இருமல் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் கல் தூசி படிந்து தழும்பாகிவிட்டது என்றார்கள். வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். குணமாக்க மருந்து கிடையாது என்பதை மட்டும் சுற்றி வளைத்துச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். நான் ஒருநாளும் கழற்றியதில்லையே, எனக்கு ஏன்? அதை மருத்துவரிடம் கேட்டார். வந்து பார்த்தவர்களிடம் கேட்டார். சிகரெட்டும் கையுமாகத் திரிந்தவர்கள் எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது எனக்கு ஏன் என்று மைத்துனனிடம் கேட்டார். யாரும் இல்லாதபோது சுவரைப் பார்த்துக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். “கோபம் இல்லம்மா” என்று ஒருநாள் அவளிடம் சொன்னார். “எங்க தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சா போதும். அது தெரியாமப் போறதுதான் கஷ்டமா இருக்கு.”

அது தெரிந்தது அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது. தெரிந்துகொண்டது அவர் இல்லை, அவள்.

மூச்சின் அளவைப் பார்க்கும் சின்ன அறை. ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொல்லும் பெண் அங்கே இருந்தாள். இழுங்க, இழுங்க, இப்போ ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க என்று அவளும் சேர்ந்து மூச்சைப் பிடித்தாள். மூன்றாவது முறைக்கு மேல் அவரால் முடியவில்லை. இன்னொரு தடவை ஊதினால் நானே பறந்துவிடுவேன் என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, வேலையில் மாஸ்க் போடும் பழக்கம் உண்டா என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டறையில் தனக்கு என்ன பெயர் என்று சொன்னார். பிறகு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், எழுந்து போனார்.

அவர் சொன்னதை அந்தப் பெண் நம்பவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. கைப்பையிலிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்தாள். அவர் கடைசியாகப் போட்டிருந்த மாஸ்க். துவைத்து மடித்து வைத்தது. யாராவது கேட்டால் காட்டலாம் என்று முதல் நாளிலிருந்தே வைத்திருந்தாள்.

அந்தப் பெண் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். எலாஸ்டிக்கில் இருந்த தையலைத் தடவிப் பார்த்தாள்.

“புதுசா இது?”

“இல்லீங்க. துவைச்சது. ஒரு மாசம் முழுக்கப் போட்டது.” அவளையறியாமல் குரலில் பெருமை வந்துவிட்டது.

“எதுல துவைப்பீங்க?”

அவள் சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீர், சோப்புத்தூள், நிழல் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டறையில் எல்லோருக்கும் தான்தான் துவைத்துக் கொடுப்பதையும் சொன்னாள். அந்தப் பெண் மாஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதா வேண்டாமா என்று அவள் தயங்கியது நன்றாகத் தெரிந்தது.

“தலை வாரின சீப்பைக் காகிதத் துணுக்குகிட்ட கொண்டு போனா ஒட்டிக்கும்ல அக்கா? அதே மாதிரி இதுக்கு நடுவுல இருக்கற துணியில ஒரு மின்சாரம் ஏத்தி வெச்சிருப்பாங்க. தூசியை இழுத்துப் பிடிக்கறது அதுதான். சோப்புத் தண்ணியில போட்டா அது போயிடும்.”

“மாவு நின்னுச்சே. வாளியில அடியில அவ்ளோ படியுமே.”

“அது பெரிய தூசி. அதை எந்தத் துணியும் பிடிக்கும். நெஞ்சுக்குள்ள போய் உக்கார்றது கண்ணுக்கே தெரியாத சின்னது. துணியோட ஓட்டை அதுக்குப் பெரிய கதவு மாதிரி. மின்சாரம் இருந்தாத்தான் அதைப் பிடிக்க முடியும்.”

“கொஞ்சமாவது பிடிச்சிருக்கும்ல?”

“கொஞ்சம்” என்றாள் அந்தப் பெண். பிறகு அவசரமாகப் பேசினாள். இதனால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் விட்டு அறுத்திருக்க வேண்டும், தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் மெஷின் வைத்திருக்க வேண்டும், புது மாஸ்க்கை வேண்டிய அளவு கொடுத்திருக்க வேண்டும். இதெல்லாம் செய்த பிறகு கடைசியாக வருவதுதான் மாஸ்க். அதை முதலும் முடிவுமாக வைத்தது பட்டறையின் தப்பு, உங்களுடையது இல்லை. எல்லாம் நியாயமான பேச்சு. அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். காதில் விழுந்தது சோப்புத் தண்ணீர் ஒன்றுதான்.

அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். “என்ன, என் சர்வீஸ் புஸ்தகத்தைப் படிச்சிட்டிருக்கீங்களா?” என்றார். அவள் மாஸ்க்கை உறைக்குள் போட்டு உறையைப் பைக்குள் திணித்தாள். பஸ்ஸில் வரும்போது ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறாய் என்று கேட்டார். தலைவலி என்றாள்.

அவருக்கு எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்தால் போதும். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கன்னத்தை மழித்தது, தகட்டை அழுத்தியது, ஊதிப் பார்த்தது எல்லாவற்றையும் சரியாகச் செய்தவரை, உங்கள் முகத்தில் நான் மாட்டிவிட்டது வெறும் கந்தல் என்று சொல்வது எப்படி? கணவனுக்கு நடந்தது நடந்துவிட்டது. ஆனால் மேல் அறையில் தம்பி இருக்கிறான். தினம் காலையில் அவள் துவைத்த மாஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போகிறான். அம்மா போன பிறகு அவள் இடுப்பில் வளர்ந்தவன். பட்டறையில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான், அவர் மூலமாக. தம்பியிடம் சொன்னால் அது பட்டறைக்குப் போகும். பட்டறைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்கள் வழியாக இந்தக் கட்டிலுக்கு வந்து சேரும்.

சனிக்கிழமை பை வந்தது. ஊறவைக்காமல் இருந்தால் என்ன ஏது என்று அவர் கேட்பார். அவள் வாளியில் தண்ணீர் பிடித்தாள். சோப்புத்தூளை எடுத்தாள், வைத்துவிட்டாள். சோப்புத்தானே கெடுக்கிறது, வெறும் பச்சைத் தண்ணீரில் ஓர் அலசு அலசினால் ஒருவேளை மிச்சம் இருக்கும் மின்சாரமாவது தங்குமோ என்று நினைத்தாள். அப்படி ஒன்று உண்டா என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை. ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் கேட்கப் பயம். அலசிக் கொடுத்தாள். அடுத்த வாரமும் அலசித்தான் கொடுத்தாள். மாஸ்க்குகள் பழுப்படித்து, புளித்த வாடையோடு போயின. பட்டறையிலிருந்து செய்தி வந்தது: டாக்டர் சம்சாரத்துக்குக் கை ஓய்ந்துவிட்டதா? அவர் அதைச் சொல்லிச் சிரித்தார். பாவம், என்னைப் பார்ப்பாயா ஊர் மாஸ்க்கைப் பார்ப்பாயா, விட்டுத்தள்ளு என்றார்.

விட்டுத்தள்ள முடியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் படியில் இருமல் கேட்டது. வறட்டு இருமல். இரண்டாவது திருப்பத்தில் ஒரு நிற்றல். அவளுக்கு அந்த நிற்றல் தெரியும். கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனாள்.

தம்பி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். சளி என்றான். அவள் அவன் கையைப் பிடித்து மேல் அறைக்கே இழுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்ப இத்தனை நாள் நாங்க போட்டுக்கிட்டிருந்தது என்னக்கா, சல்லடையா?”

வேடிக்கையாகத்தான் கேட்டான். அவனுக்கு எதையும் வேடிக்கையாகத்தான் சொல்ல வரும். அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

“உனக்கு எப்ப தெரியும்?”

“போன மாசம்.”

அவன் தோளிலிருந்த பையைத் தரையில் இறக்கி வைத்தான். பிறகு, அழாதே, மாமாவுக்குக் கேட்கும் என்றான். மாமாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அவள் கெஞ்சினாள். சரி என்றான். இனிமேல் துவைத்ததைப் போடாதே, வேலையை விட்டுவிடு என்றாள். வேலையை விடுவது பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. புது மாஸ்க் கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.

அங்கேதான் அவள் நினைக்காத ஒன்று நடந்தது. தம்பி அக்காவின் பெயரைச் சொல்லாமல்தான் மேற்பார்வையாளரிடம் பேசியிருக்கிறான். துவைத்தால் மாஸ்க் கெட்டுவிடுமாம், அடிக்கடி புதிது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். அந்த ஆள் மாஸ்க் வரும் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒருமுறை மட்டும் என்று அச்சடித்திருந்தது. வருடக்கணக்காக அவர் கண்ணெதிரே இருந்த பெட்டி, இப்போதுதான் படித்தார். படித்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். மறுநாள் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். நம்முடைய மாஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தது நீங்கள். யாருக்கு என்ன வந்தாலும் அதற்குப் பட்டறை பொறுப்பில்லை. இனி துவைத்த மாஸ்க்கோடு யாரையாவது பார்த்தால் வெளியே போகலாம் என்றார். யார் துவைத்தது என்று அவர் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைக் கேட்பானேன்?

மாஸ்க் மட்டும் முன்பு போலவே மாதத்துக்கு ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை பை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. வழக்கமாக நாலைந்து பேராவது வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்து, பட்டறை வம்பெல்லாம் பேசிவிட்டுப் போவார்கள். அவருக்கு அதுதான் வாரத்துக்கு ஒரு நல்ல நாள். காலையிலேயே கஷ்டப்பட்டு முகம் மழித்துக்கொண்டு தலையணையில் சாய்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் ஆனது. ஏதாவது அவசர வேலை வந்திருக்கும் என்று அவளிடம் சொன்னார். அவள் ஆமாம் என்றாள். அடுத்த ஞாயிறும் அவசர வேலை.

அதற்கடுத்த வாரம் ஓர் ஆள் வந்தான். பெரிய மெஷினில் கல் அறுக்கிறவன். உயரத்தால் ஆறடி என்று பெயர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தலை குனிந்து நுழைவான், அன்று உள்ளே வந்த பிறகும் நிமிரவில்லை. டீ வேண்டாம் என்றான். அவள் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். அவன் ஆரம்பத்தில் மழையைப் பற்றிப் பேசினான். இருமினான். பிறகு, தானும் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று இருப்பதாகச் சொன்னான்.

“நீ எதுக்குடா எடுக்கணும்? குதிரை மாதிரி இருக்க” என்றார் அவர்.

“இல்ல டாக்டர், அந்த மாஸ்க் விஷயம் தெரிஞ்சதிலேருந்து வீட்ல தூங்க விட மாட்டேங்கறா. நான் உங்க வீட்டம்மாவைத் தப்பு சொல்ல வரல. அவங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணினாங்க. நாங்க யாரும் ஒண்ணும் பேசிக்கல. பார்க்க வர்றதுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு, அவ்ளோதான்.”

“எந்த மாஸ்க் விஷயம்?” என்று அவர் கேட்டது சமையலறைக்குக் கேட்டது. ஆறடி சொன்னதும் கேட்டது. அவருக்கு இது தெரியாது என்று நினைக்காமல் பேசிவிட்டோமே என்று அவன் தடுமாறியதும், எழுந்ததும், நிலையில் தலை இடித்துக்கொண்டதும் கேட்டது.

அவள் வெளியே வந்தாள். ஒளிந்து நின்று என்ன ஆகப்போகிறது?

அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது தெரியும் என்றார். சொன்னாள். நடுவில் துவைத்துக் கொடுத்தாயே என்றார். சோப்புப் போடாமல் அலசிக் கொடுத்தேன் என்றாள். உன் தம்பிக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றாள். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் காத்திருந்தாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். தட்டைத் தூக்கி எறிந்தாலும் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தாள்.

“இது தெரிஞ்சிருந்தா” என்று ஆரம்பித்தார். மூச்சு வரவில்லை. நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். “நானும் கழட்டிப் போட்டுட்டு… அவனுங்களோட பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.”

அதோடு சரி. கோபமாகச் சொல்லவில்லை. எதையோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து, ஏதாவது சொல்லுங்கள் என்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். எடுக்கவில்லை, தடவவும் இல்லை. அப்படியே இருந்தது கை.

அன்றைக்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மருத்துவரிடமும் கேட்கவில்லை, சுவரிடமும் கேட்கவில்லை. வேறு எதையுமே கேட்பது குறைந்துபோனது. முகம் மழிப்பதை நிறுத்திவிட்டார். கன்னத்தில் நரைமுடி வளர்ந்தது. அவர் முகத்தில் இவ்வளவு நரை இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் ரேசரும் வெந்நீரும் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

மேல் அறைக்காரனை வேலையிலிருந்து இழுத்துக்கொண்டு வருவது ஒன்றுதான் இனி மிச்சம் என்று அவள் அதையே பிடித்துக்கொண்டாள். தினமும் படியில் மறித்தாள். விடுதியில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்றாள். பார்க்கலாம் என்றான். புது மாஸ்க் போடுகிறாயா என்று கேட்டாள். போடுகிறேன் என்றான். துருவிக் கேட்டபோது உண்மை வந்தது. துவைக்காத மாஸ்க் ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்கிறது. மதியத்துக்குள் மூச்சு முட்டுகிறது. எல்லோரும் தாடைக்கு இறக்கிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். ரெண்டு பேர் வீட்டில் ரகசியமாகத் துவைத்து, துவைத்தது தெரியாமல் இருக்க மேலே கொஞ்சம் கல்மாவைத் தடவிக்கொண்டு வருகிறார்கள்.

“நீ?” என்று கேட்டாள்.

“நான் கழட்டித்தான் வெச்சிருக்கேன். இனிமே போட்டா என்னக்கா, போடலேன்னா என்ன?”

அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. ஏன்டா அப்படிப் பேசுகிறாய், உனக்கு என்ன வந்தது என்று கத்தினாள். அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்தான். படம் எடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். அந்தப் படங்களைப் பார்க்க அவளுக்கு இப்போது பழகிவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் மேல்பாதியில், விரலால் மாவைத் தொட்டுத் தொட்டு வைத்த மாதிரி.

ஆரம்பம்தானாம் என்றான். மாமா அளவுக்கு இல்லையாம். தூசிப் பக்கமே போகக்கூடாது என்றார்களாம். போகாவிட்டாலும் அது பாட்டுக்கு ஏறத்தான் செய்யும், மெதுவாக ஏறினால் உங்கள் அதிர்ஷ்டம் என்றார்களாம். இதையெல்லாம் யாரோ ஒரு மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன் என்றான். பிறகு, “நீ என்னக்கா பண்ணுவ? நீ என்ன தெரிஞ்சா பண்ணின?” என்றான். அவள் படத்தை வாங்கி உறைக்குள் போட்டாள். உறையின் மூலையில் மடங்கியிருந்ததை நீவிவிட்டாள். நீவிக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை அவன் கீழே வந்தான். அவளைத் தாண்டிப் போய் மாமாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உறையைக் கையில் கொண்டுவந்திருந்தான். அவர் படத்தை வாங்கவில்லை. உறையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள்.

அவள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு டம்ளரிலும் ஊற்றிவிட்டாள். எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அப்போது தம்பியின் குரல் கேட்டது. அதில் வேடிக்கை இல்லை. சின்ன வயதில் கணக்கு தெரியாதபோது கேட்கிற குரல்.

“மாமா, படுத்தா அடைக்குதே. நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?”

கட்டில் கிறீச்சிட்டது.

“படுக்காத” என்றார் அவர். மூச்சு இழுத்தார். “முதுகுக்கு ரெண்டு தலையணை. முழங்காலுக்குக் கீழ ஒண்ணு.” மறுபடி இழுத்தார். “மூச்சை இழுக்கறதைவிட விடறதை மெதுவா விடு. உதட்டைக் குவிச்சு. ஊதற மாதிரி.”

“இப்படியா?”

“இன்னும் மெதுவா.”

பல வாரங்களுக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசுகிறார். அவள் டம்ளர்களைக் கையில் பிடித்தபடி கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே ஒருவர் ஊதிக் காட்டினார். இன்னொருவன் அதேபோல ஊதிப் பார்த்தான். சரியாக வரவில்லை போலிருக்கிறது, மறுபடி ஊதினான். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவளால் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை.